கெலின் முனையின் பூஜ்யங்கள்

சினோப், 9 பிப்ரவரி

அன்புள்ள ருஸ்தெம் அண்ணனுக்கு,

ஊர் உறங்கிய பிறகு உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். நிலாய்க்குப் பல் முளைக்கிறது. அவள் கண்ணை மூடினால்தான் என் கைக்குப் பேனா கிடைக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் அண்ணியிடம் கொடுங்கள். நேராக இருந்தாலும் அவரிடம்தான் கொடுக்கப் போகிறீர்கள்.

நீங்களும் சாதியே அண்ணியும் நலமா? இடுப்பு வலி எப்படி? இங்கே நாங்கள் மூவரும் நலம். வேதாத்துக்குப் படகு கட்டும் தளத்தில் இன்னும் வேலை இருக்கிறது. எத்தனை நாளுக்கு என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

சிற்றுந்து ஓட்டுநரிடம் ஓர் அட்டைப்பெட்டி கொடுத்தனுப்பியிருக்கிறேன். அதில் மஞ்சள் நிறத்தில், வாழைப்பழ அளவில், பன்னிரண்டு ஒலிப்பான்கள். உங்கள் கல்கன் வலையின் மேல்கயிற்றில் இருநூறு மீட்டருக்கு ஒன்றாகக் கட்ட வேண்டும். கடலுக்குள் நான்கு நொடிக்கு ஒருமுறை அது கீச்சிடும். டால்பின் போன்ற ஒரு சிறிய பிராணியை வலையிலிருந்து விலக்கத்தான் அந்தச் சத்தம். அதை நீங்கள் முதுர் என்கிறீர்கள், என் புத்தகம் துறைமுகக் கடற்பன்றி என்கிறது. எந்தப் பெயரானாலும் அது காதால் வழி பார்க்கிற பிராணி. நைலான் கண்ணி அதன் காதுக்கு எட்டுவதில்லை. தரையோடு ஒட்டிக் கிடக்கும் கல்கன் மீனுக்கு நீங்கள் விரித்த வலையில் சிக்கி, மூச்சுக்கு மேலே வர முடியாமல் சாகிறது. இது என்னைவிட உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் காபிக்கடையில், "நம்ம மீனைத் தின்னுற சனியன், ஒழியட்டும்" என்பீர்கள்.

மே மாதம் அங்காராவில், எங்கள் மீன்வளத் துறைத் தலைமையகத்தில், முடிவெடுக்கிறார்கள். முதுர்கள் குட்டி போட வரும் கெலின் முனை மீன்பிடித் தளத்தைக் கோடை முடியும்வரை மூடுவதா, ஒலிப்பான் கட்டிய வலைகளை அனுமதிப்பதா என்று. நீங்கள் எழுதும் எண்ணிக்கையை வைத்துத்தான் அது முடிவாகும். பெட்டியில் படிவங்களும் இருக்கின்றன. எத்தனை முதுர் வலையில் செத்தது என்று நாள்தோறும் குறித்து, கையெழுத்திட்டு, தபாலில் அனுப்ப வேண்டும். ரெய்ஸ், அதாவது படகுத் தலைவன், கையெழுத்திடாத எண் செல்லாது. தொலைபேசியில் சொல்லலாமே என்பீர்கள். தொலைபேசியில் நீங்கள் கத்துவீர்கள், குழந்தை எழுந்துகொள்ளும்.

உங்கள் கையை முத்தமிட்டு,
நெரிமான்


கெலின் முனை, 26 பிப்ரவரி

அன்புத் தங்கச்சி நெரிமானுக்கு சலாம்.

நாங்க நல்லா இருக்கோம். இடுப்பு வலி இடுப்புலயேதான் இருக்கு. நான் சொல்றேன், சாதியே எழுதுறா.

உன் மஞ்சள் வாழைப்பழம் வந்து சேந்துச்சு. நாலு வருஷம் மீன் படிச்சியே, படிச்ச மீன்ல ஒண்ணாவது உன் சட்டியில விழுந்துச்சா? இன்னும் கடையிலதான் வாங்குறே. அங்காராவுல இருக்கிறவன்கிட்ட கடல் எந்தப் பக்கம்னு கேளு, மேஜை டிராயரைத் திறந்து பாப்பான். அவன் சொல்லி நான் வலை போடணும், நீ வந்து அதை எனக்கு விளக்கணும்.

(நிலாய்க்குக் கிராம்பை நசுக்கி ஈறில் தடவு. இது நான் சொல்வது, அவர் சொல்லவில்லை. — சாதியே)

படிவம் நிரப்பி வச்சிருக்கேன். சந்தோஷப்படு. உன் கண்ணை முத்தமிடுறேன், குழந்தைக்கு ரெண்டு முத்தம் சேத்துக் கொடு.

ருஸ்தெம்


சினோப், 5 மார்ச்

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல். அண்ணி சொன்ன கிராம்பு வேலை செய்தது. உங்கள் வீட்டிலிருந்து எனக்கு வந்த ஒரே நம்பகமான தகவல் அதுதான்.

படிவத்தைப் பார்த்தேன். எல்லாப் பெட்டியிலும் பூஜ்யம். ஒரே மை, ஒரே சாய்வு, ஒரே தேநீர்க் கறை. 26ஆம் தேதி எழுதிய கடிதத்தோடு வந்த தாளில் 27க்கும் 28க்கும் பூஜ்யம் போட்டிருக்கிறீர்கள். சரி, தீர்க்கதரிசி என்று வைத்துக்கொள்கிறேன். 30க்கும் ஒரு பூஜ்யம் இருக்கிறதே. பிப்ரவரிக்கு முப்பதாம் தேதி கிடையாது, அண்ணா. கிடையாத நாளில் கடலுக்குப் போய், கிடையாத வலையைத் தூக்கி, ஒரு முதுரும் சாகவில்லை என்று கையெழுத்திட்டிருக்கிறீர்கள். பொய் சொல்வதற்கும் கொஞ்சம் உழைப்பு வேண்டும். அதற்கும் சோம்பல்.

ஒலிப்பான்களைக் கட்டினீர்களா, எந்த வலையில், எந்த ஆழத்தில் என்று படிவத்திலேயே கேட்டிருக்கிறது. அதற்குப் பதில் இல்லை. மார்ச் படிவத்தையாவது கடலுக்குப் போய் வந்த பிறகு நிரப்புங்கள்.

கையை முத்தமிட்டு,
நெரிமான்


கெலின் முனை, 28 மார்ச்

அன்புத் தங்கச்சிக்கு,

சலாம். நலமா? நாங்க நலம். நெத்திலிக் காலம் முடிஞ்சுது. மக்காச்சோள ரொட்டியில வச்சுத் தின்ன கடைசி நெத்திலி உனக்கு அனுப்பணும்னு சாதியே சொன்னா. நீதான் கடையில வாங்குற ஆளாச்சே, விட்டுட்டேன்.

முப்பதாம் தேதி விஷயம், எழுதும்போது கை ஓடிடுச்சு. அதுக்காக நீ ரெண்டு பக்கம் எழுதினே பாரு, அந்த மையில ஒரு வலையே தைச்சிருக்கலாம். ஒலிப்பான் நல்ல இடத்துலதான் இருக்கு, கவலைப்படாதே.

(அடுத்து அவர் சொன்னதை எழுத வேண்டாம் என்கிறார். அதனால் எழுதவில்லை. — சாதியே)

குழந்தை பொறந்ததுலேருந்து உனக்கு எதைப் பாத்தாலும் தாயும் பிள்ளையுமாத் தெரியுது. முதுர் மீனு. மீனுக்குத் தொட்டில் கட்டாதே.

மார்ச் தாள் வச்சிருக்கேன். இருபத்தெட்டோட நிறுத்திட்டேன், பாத்துக்க.

உன் கண்ணை முத்தமிட்டு,
ருஸ்தெம்


சினோப், 11 ஏப்ரல்

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கும் வரியை இந்த முறை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். நிரப்பத்தான் உங்களுக்குத் தெரியுமே. எனக்கு உறக்கம் போய் மூன்று நாளாகிறது.

செவ்வாய்க்கிழமை நிலாயைத் தள்ளுவண்டியில் வைத்துக் கடற்கரையோரம் நடந்தேன். அந்த நடையில் ஐந்து முதுர் கிடந்தன. எல்லாவற்றுக்கும் வால் இல்லை. வலையிலிருந்து சீக்கிரம் விடுவிக்க வாலை வெட்டுவார்கள் என்று அங்காராக்காரர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் வயிறு கிழிந்திருந்தது. கல்லை உள்ளே போட்டு மூழ்கடிக்கத்தான் அது. கல்லைக் கட்டாமல் போட்டால் இரண்டு புயலில் அலை உருட்டி எடுத்துவிடும் என்று முப்பது வருடம் கடலில் நின்றவருக்குத் தோன்றவில்லை. அறுக்க நேரம் இருந்திருக்கிறது, ஒரு முடிச்சுப் போட நேரம் இல்லை. காற்றும் நீரோட்டமும் உங்கள் பக்கத்திலிருந்து என் பக்கத்துக்கு எல்லாவற்றையும் கொண்டுவந்து சேர்த்துவிட்டன.

இஸ்தான்புல்லிலிருந்து வந்த ஒரு தம்பதி படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "டால்பின் தூங்குதா?" என்று அந்தப் பெண் என்னைக் கேட்டாள். வாலும் வயிறும் இல்லாத ஒன்றைப் பார்த்துக் கேட்கிறாள். நகராட்சி டிராக்டர்காரர் வந்தார். நான் அளவெடுத்துக்கொண்டிருந்தேன். அவர் எஞ்சினை அணைக்காமலே, "அக்கா, அள்ளட்டுமா, இல்ல இன்னும் பாடம் பாக்கி இருக்கா?" என்றார். இந்த ஊரில் ஐந்து பிணத்துக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

அந்த அறுப்பைப் பார்த்தேன், அண்ணா. பின்துளையில் தொடங்கி, தொண்டைக்கு நாலு விரல் முன்னால் வலப்பக்கமாக ஒரு கொக்கி. இடக்கைக்காரன் அறுப்பு. கெலின் முனையில் இடக்கையால் அறுக்கிறவர் ஒருவர்தான். பத்து வயதில் உங்கள் பக்கத்தில் பலகை முன்னால் நின்று மீன் அறுத்தவள் நான். உங்கள் கையெழுத்தைவிட அந்தக் கோடு எனக்கு நன்றாகத் தெரியும்.

என் அறிக்கை ஏப்ரல் 20ஆம் தேதி அங்காரா போக வேண்டும். அதற்குள் உண்மையான எண்ணிக்கை வேண்டும். உங்கள் பூஜ்யங்களை நான் நம்பவில்லை. அனுப்பவும் மாட்டேன்.

நெரிமான்


சினோப், 18 ஏப்ரல்

அண்ணனுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. சிற்றுந்து ஓட்டுநர் வெறும் கையோடு வந்தார், கேட்டால் தோளைக் குலுக்குகிறார். உங்களிடம் கற்றிருப்பார்.

வேதாத் இந்த வாரம் வீட்டில்தான் இருக்கிறார். தளத்தில் வேலை குறைவாம். நிலாய் நலம்.

எண்ணை மட்டும் எழுதுங்கள். வேறு எதையும் கேட்கவில்லை.

நெரிமான்


கெலின் முனை, 4 மே

அன்புள்ள நெரிமானுக்கு, உன் அண்ணி சாதியே எழுதுவது.

நீயும் உன் வீட்டுக்காரரும் குழந்தையும் நலமாக இருக்க துவா செய்கிறேன். அவர் தூங்குகிற நேரம் பார்த்து இதை எழுதுகிறேன். எழுதியது தெரிந்தால் ஒரு வாரம் பேசமாட்டார். அது ஒன்றும் பெரிய நஷ்டம் இல்லை.

அன்றைக்கு எழுத வேண்டாம் என்று சொன்னாரே, அது இதுதான். உன் பன்னிரண்டு ஒலிப்பானும் கடலுக்கே போகவில்லை. எங்கள் உருளைக்கிழங்குப் பாத்தி வேலியில் தொங்குகின்றன. கட்டினால் கல்கன் ஓடிவிடும் என்று காபிக்கடையில் எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். அதற்குப் பிறகு இவருக்கு ஒரு யோசனை. "கடல்ல இருக்கிறது பயந்து ஓடுதுன்னா காட்டுப்பன்னி மட்டும் என்ன பெரிய வீரனா?" என்று சொல்லி ஒரு நாள் முழுக்க வேலி சுற்றிக் கட்டினார். ஒரு சத்தமும் வரவில்லை. "அங்காரா சாமான், வாயைத் திறக்குதா பாரு" என்று திட்டினார். மழையிலும் திறக்கவில்லை. பன்றி வந்து ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, கிழங்கையும் தின்றுவிட்டுப் போனது.

இன்னொன்று. போன வாரம் கடலிலிருந்து வந்தவர் பூட்ஸைக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தேன், இல்லை. வலையில் என்ன வந்தது என்று கேட்டேன். "வழக்கமா வர்றதுதான்" என்றார். வழக்கமாக வருவதற்கு அவர் அப்படி உட்கார்ந்ததில்லை. ஆனால் மூன்றாம் நாள் அதே இடத்தில் மறுபடியும் வலையைப் போட்டுவிட்டு வந்தார்.

உன் அறிக்கை போய்விட்டதா? அதில் என்ன எழுதினாய்? அவர் கேட்கச் சொல்லவில்லை. நான் கேட்கிறேன்.

உன் கன்னங்களில் முத்தம்,
சாதியே


சினோப், 9 மே

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தானே? உங்கள் கடிதத்தைப் படித்து வேதாத் சிரித்தார். அவர் சிரித்து நாளாகிறது, அதற்கு நன்றி. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் கருவி உப்புத் தண்ணீரில் மூழ்கினால்தான் விழிக்கும். இது படிவத்தின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறது. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க ஒரு விரல் போதும். முப்பது ஆண்பிள்ளைகள் காபிக்கடையில் உட்கார்ந்து, தண்ணீரில் ஒருமுறைகூட முக்கிப் பார்க்காத சாமானைப் பற்றித் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். கடலில் மூன்று மாதம் முதுர் செத்தது. தோட்டத்தில் பன்றி கொழுத்தது. கெலின் முனையின் அறிவுக்கு இதைவிடப் பெரிய சின்னம் வைக்க முடியாது. என் அண்ணன் சாப்பிடவில்லை என்றால் சாப்பிடாமல் இருக்கட்டும். இரண்டு நாள் பட்டினிக்கு மூன்றாம் நாள் வலை போட்டுவிட்டுத்தானே வந்தார்.

நிலாய்க்கு இரண்டாவது பல்லும் வந்துவிட்டது. இரவில் எழுந்து அவள் மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறேன். பைத்தியம் என்கிறார் வேதாத்.

வெயில் ஏறிவிட்டது. கிழங்கு தப்பியிருந்தால் நல்லது.

அன்புடன்,
நெரிமான்


கெலின் முனை, 24 மே

நெரிமானுக்கு,

இதை நானே எழுதுறேன். சாதியே கையில கொடுக்கலை. பிழை இருந்தா இருக்கட்டும்.

எல்லாரும் நலம்.

நேத்து மீனவர் சங்கத்துச் சுவத்துல அங்காரா அறிவிப்பு ஒட்டினாங்க. சத்தமாப் படிச்சாங்க. கெலின் முனையில ஒலிப்பான் கட்டின வலையில ஒரு முதுர்கூடச் சாகலை, அதனால தளத்தை மூட வேண்டாம், வலை போடலாம். கீழே, அறிக்கை தயாரித்தவர்னு உன் பேரு. தேதி ஏப்ரல் இருபது.

எனக்கு மூணு பேரு தேநீர் வாங்கிக் கொடுத்தாங்க. "உன் தங்கச்சி நம்ம வயித்துல பால் வாத்துட்டா, ரெய்ஸ்"னு முதுகுல தட்டினாங்க. அந்தத் தேநீரை மேஜையிலேயே வச்சுட்டு வந்துட்டேன்.

ஏப்ரல் பதினொண்ணாம் தேதி என் அறுப்பை நீ பாத்துட்டே. எனக்கு எழுதினே. பூஜ்யத்தை அனுப்ப மாட்டேன்னு எழுதினே. அந்தக் கடிதம் என்கிட்ட இருக்கு. ஒன்பது நாள் கழிச்சு அதே பூஜ்யத்தை அடிக்கோல் வச்சு அழகா எழுதி அனுப்பியிருக்கே. சாதியே எனக்குத் தெரியாம எழுதிக் கேட்டாளாம், அதுக்கு இந்த மாசம் ஒன்பதாம் தேதி பன்னியைப் பத்தி ஒரு பக்கம் எழுதினே. அறிக்கையைப் பத்தி ஒரு வரி இல்லை.

நான் பொய்க்காரன். எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும், கடலுக்கும் தெரியும். நான் அறுத்தேன், ரத்தம் என் கையில இருந்துச்சு. நீ கையைக் கழுவிட்டுப் பேனா பிடிச்சே. மூணு மாசமா என்னைக் காறித் துப்பி எழுதினியே, அந்த எச்சில்லாம் யாருக்கு?

தாள்ல எனக்குக் கணக்கு வராது. எங்க படகுகள்ல செத்தது எதுவா இருந்தாலும் ரெய்ஸ் ஒரு கயித்துல முடிச்சுப் போடணும். முடிச்சுப் போடாம அடுத்த வலையைத் தொட்டா கடல் ஆளைக் கேக்கும்னு சொல்வாங்க. நான் நம்புறேனோ இல்லையோ, போட்டுக்கிட்டே வந்தேன். அந்தக் கயிறு இதோட இருக்கு. நீயே எண்ணிக்க. கடைசியில பெரிசும் சின்னதுமா ரெண்டு முடிச்சு ஒட்டி இருக்கும். அது போன மாசம் கடைசியில வந்தது. சின்னது அப்பத்தான் பொறந்திருக்கு. தாய் வயித்துக்குள்ள சுருண்டு கிடந்த மடிப்புகூட உடம்புல இன்னும் விரியலை. அதுங்க ரெண்டையும் நான் அறுக்கலை.

ருஸ்தெம்


சினோப், 30 மே

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும். நாங்கள் நலம்.

கயிற்றைச் சமையலறை மேஜையில் வைத்து நான்கு முறை எண்ணினேன். முப்பத்தொன்று. மூன்று முறை முப்பத்தொன்று வந்தது. நடுவில் ஒருமுறை முப்பது வந்தபோது மனது நிம்மதியானது. அதைக் கவனித்தபோது என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

ஏப்ரல் 14ஆம் தேதி வேதாத்தை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். உங்களுக்கு எழுதியதுபோல 'வேலை குறைவு' இல்லை. மறுநாள் அங்காராவிலிருந்து என் மேலதிகாரி தொலைபேசினார். ஒலிப்பான் நன்றாக வேலை செய்கிறது என்று காட்டினால் திட்டம் இன்னும் இரண்டு வருடம் ஓடும், என் வேலையும் ஓடும் என்றார். காட்டாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. 19ஆம் தேதி நிலாய் தூங்கிய பிறகு உங்கள் பூஜ்யங்களை எடுத்து எழுதினேன். பிப்ரவரி முப்பதை மட்டும் விட்டுவிட்டேன். அவ்வளவு ஒழுங்காகத்தான் பொய் சொன்னேன். கடற்கரையில் கிடந்த ஐந்தையும் 'காரணம் தெரியவில்லை' என்ற பெட்டியில் போட்டேன். குழந்தைக்காக என்று அப்போது சொல்லிக்கொண்டேன். ஏன் வலை போடுகிறீர்கள் என்று கேட்டால் நீங்களும் சாதியே அண்ணிக்காக என்றுதான் சொல்வீர்கள்.

நேற்றுப் புதிய அறிக்கையை எழுதினேன். ருஸ்தெம் ரெய்ஸின் படகில் பிப்ரவரி முதல் மே வரை முப்பத்தொரு முதுர், அதில் ஒன்று அப்போதுதான் பிறந்த குட்டி. ஒலிப்பான்கள் கடலுக்கே போகவில்லை. 20 ஏப்ரல் அறிக்கையில் உள்ளது பொய் என்று தெரிந்தே நான் எழுதினேன். இதில் என் கையெழுத்தைப் போட்டு ஒரு பிரதியை அங்காராவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். திருப்பி வாங்க முடியாது. எனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் உங்கள் கையெழுத்து இல்லாமல் அந்த முப்பத்தொன்று வெறும் எண். மேலதிகாரி அதை ஒரு பைத்தியக்காரியின் கிறுக்கல் என்று டிராயரில் போட்டுப் பூட்டுவார். ஜூன் 15ஆம் தேதி மறுபடியும் கூடுகிறார்கள். இன்னொரு பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். கீழே உங்கள் பெயர் இருக்கிறது, அதற்கு மேலே ஒரு கோடு. கையெழுத்திட்டால் தளத்தை மூடுவார்கள், உங்கள் உரிமத்தையும் பறிக்கலாம். சங்கத்தில் இனி யாரும் தேநீர் வாங்கித் தரமாட்டார்கள். இதை மறைத்துக் கேட்க எனக்கு விருப்பமில்லை.

கையெழுத்திட மனம் வராவிட்டால் வலையையாவது எடுத்துவிடுங்கள். அங்காரா திறந்து வைத்திருக்கிறது என்பதற்காகப் போட வேண்டியதில்லை. முதுர்கள் குட்டி போடும் நாட்கள் இவை. என் ஏப்ரல் அறிக்கையால்தான் தளம் திறந்திருக்கிறது என்பதால் இதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்று தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்.

இரண்டில் எதைச் செய்தீர்கள், அல்லது இரண்டையும் செய்யவில்லையா என்று உங்கள் கையாலேயே ஒரு வரி எழுதுங்கள். வசவாக இருந்தாலும் பரவாயில்லை. வலை இன்னும் தண்ணீரில் இருக்கிறதா என்று தெரியாமல் எனக்கு நாள் நகரவில்லை.

சீக்கிரம் பதில் எழுதுங்கள், அண்ணா.

நெரிமான்